காலும் ஆராய்ச்சி செய்யும்

சில வாரங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவி ஒருத்தி தன் ஆய்வுத் திட்டத்துடன் என் இல்லம் வந்தாள். முன்னர் என்னிடம் பயின்றவள். 'ஈழத்துக் கூத்தின் தோற்றமும் வளர்ச்சியும்' என்பது தலைப்பு. பதினான்கு நூல்களின் பெயர்கள் பின்னே அடுக்கப்பட்டிருந்தன.

"கூத்தில் ஓர் அடியேனும் எடுத்து வைத்ததுண்டா?" என்று வினவினேன்.

"இல்லை, சேர். எங்கள் அம்மப்பா இளமையில் ஆடியவராம்."

மட்டக்களப்பிலிருந்து வந்து, வெள்ளவத்தையில் மகளின் மாடிவீட்டில் வாழும் அம்முதியவருக்கு வயது எண்பத்திரண்டு. அண்மைக் காலமாக மறதியும் மிகுந்து வருகின்றதாம். பேத்தியோ அவரிடம் ஒரு வார்த்தையும் கேளாமல் நூலகங்களுக்கு நடந்துகொண்டிருந்தாள்!

செய்து பார்த்து அறியும் ஆராய்ச்சி நமக்குப் புதியதன்று. விபுலாநந்த அடிகள் பழந்தமிழ் யாழ்களை நூல்களிற் கண்டதோடு அமையாது, அவற்றை மீண்டும் உருவாக்கவும் முயன்றார். அவ்வுழைப்பின் பயனே 1947 இல் வெளிவந்த 'யாழ் நூல்'. பேராதனையிலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் மாணவரைக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' ஆகிய கூத்துக்களை மேடையேற்றினார். வட்டக்களரியில் விடிய விடிய ஆடப்படுவதனைச் சில மணி நேரத்துக்குள் அடக்கவேண்டியிருந்தது. எதனைக் குறைத்தாலும் கூத்துக் கூத்தாகவே நிற்கும்? எதனை நீக்கினால் உயிர் போய்விடும்? இவ்வினாக்களுக்கு ஆடிப் பார்த்தவரே விடை கூறல் இயலும். அன்று இராவணனாக ஆடிய மாணவர் சி. மௌனகுரு, பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் பெற்றார்.

ஆகவே, மாணவியின் தலைப்பைச் சுருக்கினோம். "அம்மப்பாவிடம் ஒரு பாத்திரத்தின் வரவு ஆட்டத்தை ஆறு வாரம் கற்கும்போது, ஏட்டில் எழுதப்படாத எதனை நான் அறிகின்றேன்?" என்பதே புதிய வினா. திட்டமும் எளியதே. முதலாவது, முதியவரின் சம்மதம் பெறல். இரண்டாவது, ஒவ்வொரு நாளும் பயிற்சி முடிந்தவுடன், உறங்குமுன், நடந்ததைக் குறித்தல். தவறியதையும் மறையாது எழுதுதல். மூன்றாவது, வாரம் ஒருமுறை ஒலியும் படமும் பதிதல். நான்காவது, எழுதியதை அவருக்கே வாசித்துக் காட்டித் திருத்தம் கேட்டல்.

முதல் வாரமே இடர் நேர்ந்தது. கட்டிலில் அமர்ந்து பாடச் சொன்னபோது முதியவருக்கு மூன்றாம் அடிக்குமேல் நினைவு வரவில்லை. "பாட்டு வாயில வராது மகள், கால் எடுத்தாத்தான் வரும்" என்றாராம். எழுந்து இரண்டடி வைத்தார், பாட்டும் வந்தது. கீழ்வீட்டாரும் வந்து கதவைத் தட்டினர்!

அதன்பின் விடியற்காலையில் புகையிரதப் பாதையைக் கடந்து கடற்கரைக்குச் சென்றனர். பெரியவர் நாற்காலியில் அமர்ந்து கையால் தாளமிட, பேத்தி மணலில் ஆடினாள். சீமெந்துத் தரையில் பிடிபடாத திருப்பம் மணலிலே பிடிபட்டது. அடி மாறும் இடத்திலேதான் மூச்சு வாங்கவேண்டும் என்பதும் அங்கேதான் விளங்கிற்று. அச்சிட்ட பாட்டில் அந்த மூச்சுக்கு ஓர் அடையாளமும் இல்லை.

"ஒரு மூச்சைக் கண்டுபிடித்ததை ஆய்வென்று ஏற்பார்களா, சேர்?" என்று ஐயத்தோடு கேட்டாள். எப்படிக் கண்டாய், எத்தனை முறை சோதித்தாய், எங்கே பிழைத்தாய் என்பவற்றை ஒளியாது எழுதினால் ஏற்பர் என்றேன். ஒருவரிடம் கற்றதைக் கொண்டு கூத்து முழுவதற்கும் விதி வகுத்துவிடாதே என்றும் எச்சரித்தேன்.

ஐந்தாம் வாரத்தில் முதியவர் ஒரு பாட்டை அறவே மறந்துவிட்டார். பேத்தி அடியெடுத்து ஆடியபடி அதனைப் பாடிக் காட்டினாள். சற்று நேரம் உற்றுக் கேட்டவர், இரண்டாம் அடியில் ஒரு சொல்லைத் திருத்தினாராம்.

மாணவ நண்பர்களே, உங்கள் இல்லத்திலும் நெசவோ, வைத்தியமோ, சமையலோ, கைவேலையோ அறிந்த முதியவர் ஒருவர் இருக்கலாம். நூலகம் நாளையும் திறந்திருக்கும். முதலில் அவரருகே சென்று அமருங்கள்.