வர்ணம் கடைசியில் வரட்டும்



வட அமெரிக்க ஏரிக்கரைகளில் பழைய அலுமினியப் படகுகள் மலிவாகக் கிடைக்கின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின், விமானங்கள் கட்டிய குரும்மன் நிறுவனமும் தகடுகளை ரிவெட்டுகளால் இணைத்துப் படகுகள் செய்தது. அத்தகைய படகை வாங்கும் புதியவர் முதலில் நாடுவது வர்ணத்தையே. அது தவறான தொடக்கம் என்பது என் கருத்து.

முதலில் கசிவைத் தேடுங்கள். படகைக் கரையில் உறுதியான தாங்கிகள்மேல் நிறுத்தி, உள்ளே சில அங்குலம் நீர் ஊற்றுங்கள். வெளியே துளிர்க்கும் இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். தளர்ந்த ரிவெட்டை இறுக்க இருவர் வேண்டும்: ஒருபுறம் ஒருவர் கனத்த இரும்புக்கட்டையை அழுத்திப் பிடிக்க, மறுபுறம் மற்றவர் சுத்தியலால் அடிக்க வேண்டும். இறுகாதவற்றை மாற்றிவிடுங்கள்.

அடுத்து, மறைவிடங்களைச் சோதியுங்கள். மோட்டாரைத் தாங்கும் பின்பலகை உள்ளே உளுத்திருக்கலாம். தரைக்கடியிலுள்ள நுரைப்பஞ்சு நீரேறிக் கனத்திருக்கலாம். புதுப் பலகை இடும்போது, செம்பு கலந்த மருந்தேற்றிய மரத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஈரம் பட்டால் செம்பு அலுமினியத்தை அரித்துவிடும். அடிப்பாகத்திற்குச் செம்பு கலந்த வர்ணமும் ஆகாது.

இவையெல்லாம் முடிந்தபின், அலுமினியத்திற்குரிய பிரைமர் பூசி, அதன்மேல் வர்ணம் தீட்டுங்கள். பழுதை மூடிய வர்ணம் கரையில் மட்டுமே அழகு. நடு ஏரியில் அது ஒருவரையும் காப்பாற்றாது.

குடும்பத்தில் மனக்கசப்பு எழும்போதும் நாம் புன்னகையைப் பூசிக் கடந்துவிடுகிறோம். கசிவு எங்கே என்று இவ்வாரம் ஒருவரிடமாவது கேளுங்கள். மறுபுறம் தாங்கிப் பிடிக்க நீங்களும் நில்லுங்கள்.