கரும்பலகையில் இல்லாத மொழி

மத்தியப் பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு படித்தவர்களுக்கு ஆங்கிலப் புத்தகத்தின் முதல் பாடம் நினைவிருக்கும். அல்போன்ஸ் தோதே 1873இல் வெளியிட்ட 'கடைசிப் பாடம்'. பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ் அல்சாஸை இழந்துவிட்டது. நாளை முதல் பள்ளியில் ஜெர்மன்தான் என்று பெர்லினிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகள் பாடம் சொன்ன அமெல் வாத்தியார் கடைசி முறையாகப் பிரெஞ்சு சொல்லித்தருகிறார். தொண்டை அடைத்துப்போய், கரும்பலகையில் பிரான்சை வாழ்த்தி எழுதிவிட்டுப் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புகிறார். மொழிக்காக உயிர் கொடுத்தவர்களைப் பெயர் சொல்லி நினைக்கும் மண்ணில் இந்தக் கதை கண்கலங்க வைப்பதில் வியப்பில்லை.

ஆனால் சிறுவன் ஃபிரான்ஸ் அன்று வீட்டுக்குப் போய் அம்மாவிடம் என்ன மொழியில் பேசியிருப்பான்? வோஜ் மலையின் சில பள்ளத்தாக்குகளை விட்டுவிட்டால் அன்றைய அல்சாஸ் கிராமங்களில் வீட்டு மொழி பிரெஞ்சு அல்ல. ஜெர்மானியக் குடும்பத்தைச் சேர்ந்த அல்சாசியம்தான் அடுப்படியிலும் திராட்சைத் தோட்டத்திலும் புழங்கியது. கதையில் அந்த மொழி ஒலிப்பதேயில்லை. பிள்ளைகளுக்குப் பிரெஞ்சு வராததற்குச் சோம்பலையும், பெற்றோரின் அலட்சியத்தையும், தன் அசட்டையையும் காரணம் சொல்லும் வாத்தியார், அது அவர்களுக்கு வேற்று மொழி என்பதைச் சொல்வதில்லை. இத்தனைக்கும் தோதே பிறந்த நீம், பாரிசின் மொழிக்கு முன்னால் தலைகுனிய வைக்கப்பட்ட ஒக்சித்தானிய மொழியின் ஊர். தாய்மொழிப் பற்றுக்கு உதாரணமாக நம் மாணவர்கள் படிக்கும் கதை ஒரு தாய்மொழியின் மேல் விழுந்த மௌனம். அந்த மௌனத்துக்கு அடியில் இருக்கும் வரலாற்றைப் பேசவே இந்தத் தலையங்கம்.

அல்சாஸ் சின்ன நிலம். கிழக்கே ரைன் நதி, மேற்கே வோஜ் மலை. வடக்குத் தெற்காக 190 கிலோமீட்டர், குறுக்கே ஏறத்தாழ 50. 842இல் சார்லமேனின் பேரர்கள் இருவர் தங்கள் அண்ணனுக்கு எதிராகக் கைகோத்து உறுதிமொழி எடுத்தது இங்குள்ள ஸ்ட்ராஸ்பூர்கில்தான். கிழக்கை ஆண்ட லுட்விக், சார்லின் படைவீரர்களுக்குப் புரிவதற்காக ரோமானியப் பேச்சில் சத்தியம் செய்தார். மேற்கை ஆண்ட சார்ல் ஜெர்மானியப் பேச்சில் செய்தார். எதிரில் நிற்பவனின் மொழியில் வாக்குக் கொடுப்பது என்ற அந்தப் பண்பாடு அதே மண்ணில் பிறகு வந்த எந்த அரசுக்கும் வாய்க்கவில்லை.

நூற்றாண்டுகள் இது புனித ரோமப் பேரரசின் பகுதி. கூட்டன்பர்க் அச்சுக்கலையின் தொடக்கச் சோதனைகளைச் செய்த ஊர் ஸ்ட்ராஸ்பூர்க். முப்பதாண்டுப் போரின் முடிவில், 1648 வெஸ்ட்ஃபாலியா ஒப்பந்தத்தில், ஹாப்ஸ்பர்க் மன்னர்களின் அல்சாசிய உரிமைகள் பிரான்சுக்குப் போயின. 1681இல் பதினான்காம் லூயி ஸ்ட்ராஸ்பூர்கையும் பிடித்தார். மன்னருக்கு வரியும் விசுவாசமும் போதுமானதாக இருந்தன. குடிமக்கள் எந்த மொழியில் பிரார்த்தனை செய்கிறார்கள் என்று அவர் பெரிதாகக் கவலைப்படவில்லை.

கவலைப்பட்டது பிரெஞ்சுப் புரட்சி. இதை எழுதக் கை கூசுகிறது, ஏனென்றால் அந்தப் புரட்சிக்கு நாம் அனைவரும் கடன்பட்டவர்கள். உலகம் பாடும் பிரெஞ்சு தேசிய கீதம் 'மார்செயேஸ்' 1792 ஏப்ரலில் பிறந்தது ஸ்ட்ராஸ்பூர்கில்தான். போர்ப்பாட்டு ஒன்று வேண்டுமென்று ரூஜே த லீலிடம் கேட்டவர் அந்நகர மேயர் தீத்ரிஷ். மறு ஆண்டு இறுதியில் அதே புரட்சி அவர் தலையைக் கில்லட்டினில் வெட்டியது. 1794 ஜனவரியில் பெர்த்ரான் பரேர் புரட்சிப் பேரவையில் வைத்த அறிக்கை, ஜெர்மன் பேசுவதைக் குடியரசின் மீதான வெறுப்போடு முடிச்சுப் போட்டது. பிரெத்தோனியம், பாஸ்க், இத்தாலியம் பேசியவர்களுக்கும் ஆளுக்கொரு குற்றம் ஒதுக்கப்பட்டது. சமத்துவத்துக்கு ஒற்றை மொழி வேண்டும் என்ற எண்ணம் அன்று வேர் பிடித்தது. அல்சாஸில் அது இன்னும் பட்டுப்போகவில்லை.

1870 ஆகஸ்ட். ஜெர்மானிய பீரங்கிகள் ஸ்ட்ராஸ்பூர்கைச் சூழ்ந்து நிற்கின்றன. 24ஆம் தேதி இரவு பழைய டொமினிக்கன் தேவாலயத்தில் இருந்த நூலகத்தின் மேல் குண்டு விழுந்தது. லட்சக்கணக்கான நூல்கள் எரிந்தன. அவற்றில் ஒன்று 'ஹோர்த்துஸ் டெலிசியாரும்'. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹெர்ராட் என்ற மடத்துத் தலைவி, தன் மடத்துப் பெண்கள் படிப்பதற்காக, அன்றைய அறிவு முழுவதையும் வண்ண ஓவியங்களோடு தொகுத்த கையெழுத்துப் பிரதி. அதற்கு முன் யாரோ சிலர் பொறுமையாக நகலெடுத்து வைத்த சித்திரங்களின் வழியாகத்தான் இன்று அதை நாம் அறிகிறோம். அல்சாஸ் ஜெர்மானியப் பண்பாட்டின் குழந்தை, அதை மீட்க வருகிறோம் என்று சொல்லி வந்த படை, அந்தப் பண்பாட்டின் மிக அரிய சொத்துகளைச் சாம்பலாக்கியது. வென்ற பிறகு ஜெர்மனியெங்கும் நூல்களைத் திரட்டி மிகப் பெரிய நூலகத்தையும் பல்கலைக்கழகத்தையும் அகலமான புதிய நகர்ப்பகுதியையும் கட்டினார்கள். அவை உண்மையிலேயே சிறந்தவை. ஆனால் ஹெர்ராடின் புத்தகத்துக்கு அவை ஈடாகாது.

அல்சாசியர்களின் சம்மதத்தை யாரும் கேட்கவில்லை. தங்கள் ஒப்புதலின்றித் தங்களைக் கைமாற்றும் ஒப்பந்தம் செல்லாது என்று 1871 மார்ச்சில் பொர்தோவில் கூடிய பிரெஞ்சு அவையில் அவர்களின் பிரதிநிதிகள் அறிவித்துவிட்டு வெளியேறினார்கள். அவை ஒப்பந்தத்தை ஏற்றது. பிரான்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் 1872 அக்டோபர் முதல் தேதிக்குள் ஊரைவிட்டுப் போகலாம் என்று ஜெர்மனி சொன்னது. ஆயிரமாயிரம் பேர் போனார்கள். இருந்தவர்கள் பேரரசின் குடிகளானார்கள். ஆனாலும் முழுக் குடிகளாக அல்ல: 1913இல் ஸாபெர்ன் ஊரில் ஓர் இளம் லெப்டினென்ட் அல்சாசியர்களைக் கேவலமாகப் பேச, கொதித்துப்போன ஊர்மக்களைப் படையினர் தெருவில் பிடித்து அடைத்தார்கள். ராணுவம் அந்த அதிகாரியைக் காப்பாற்றியது. அடுத்த ஆண்டு போர் வந்ததும் அதே ராணுவம் அல்சாஸ்-லொரேன் இளைஞர்களை லட்சக்கணக்கில் அழைத்துக்கொண்டது.

1918 நவம்பரில் பிரெஞ்சுப் படை நுழைந்தபோது மக்கள் உண்மையாகவே மகிழ்ந்தார்கள். அந்த மகிழ்ச்சியைக் குறைத்துச் சொல்ல நாம் யார்? கூடிய கூட்டத்தைப் பார்த்துக் குடியரசுத் தலைவர் புவங்காரே, பொது வாக்கெடுப்பு முடிந்துவிட்டது என்றார். தேசங்களின் சுயநிர்ணயம் பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த அந்த மாதங்களில் அல்சாஸுக்கு வாக்குச்சீட்டுக் கிடைக்கவில்லை. கிடைத்தது அடையாள அட்டை. பெற்றோரும் தாத்தா பாட்டியும் பிறந்த இடத்தைப் பார்த்து மக்களை நான்காகப் பிரித்தார்கள். 1870க்கு முந்தைய பிரெஞ்சு வேர் உள்ளவர்களுக்கு 'ஏ'. பெற்றோரில் ஒருவர் அந்நியர் என்றால் 'பி'. நேச நாடு, நடுநிலை நாடு என்றால் 'சி'. ஜெர்மன், ஆஸ்திரிய வம்சம் என்றால் 'டி'. ஒரே வீட்டில் மனைவி ஏ, கணவன் டி, பிள்ளைகள் பி. கையிலிருக்கும் மார்க்கை பிராங்காக மாற்றும்போது 'ஏ' அட்டைக்கு ஒரு விலை, 'டி' அட்டைக்குக் குறைந்த விலை. விசாரணைக் குழுக்கள் அண்டை வீட்டார் கொடுத்த புகார்களைப் படித்து முடிவெடுத்தன. ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர், கையில் தூக்க முடிந்த பெட்டிகளோடு, ரைன் பாலத்தைக் கடந்து போனார்கள். அவர்களில் பலர் அல்சாஸில் பிறந்தவர்கள். பிறப்பை வைத்துக் குடிமக்களைத் தரம் பிரிக்கும் வேலையை அந்த மண்ணில் ஹிட்லருக்கு இருபது ஆண்டுகள் முன்பே மனித உரிமைகளின் குடியரசு செய்தது. அளவும் நோக்கமும் வேறு. ஆனால் செய்தது உண்மை.

ஸ்ட்ராஸ்பூர்கின் குடியரசுச் சதுக்கத்தில் 1936இல் திறக்கப்பட்ட போர் நினைவுச் சின்னம் ஒன்று இருக்கிறது. சிற்பி திரிவியே. ஒரு தாய் அமர்ந்திருக்கிறாள். மடியில் சாய்ந்தபடி இரண்டு மகன்கள் இறந்துகொண்டிருக்கிறார்கள். இருவரும் நிர்வாணமாக இருக்கிறார்கள், யார் எந்தப் படை என்று காட்டச் சீருடை இல்லை. சாகும் நேரத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்திருக்கிறார்கள். பிரான்சின் மற்ற ஊர்களில் தேசத்துக்காக இறந்தவர்கள் என்று பொறித்திருப்பார்கள். இங்கே எங்கள் இறந்தவர்களுக்கு என்பதோடு எழுத்து நின்றுவிடுகிறது. ஐரோப்பாவின் போர் நினைவுச் சின்னங்களில் இதைவிட நேர்மையான ஒன்றை நாம் அறியோம்.

அது திறந்து நான்கே ஆண்டுகளில் நாஜிகள் வந்தார்கள். பிரெஞ்சு பேசத் தடை. ஆட்களின் பெயர்கள், தெருப் பெயர்கள் எல்லாம் ஜெர்மனாக்கப்பட்டன. பெரே தொப்பி அணிவதுகூடக் குற்றம். 1942 ஆகஸ்ட் 25 அன்று கட்டாய ராணுவச் சேவை அறிவிக்கப்பட்டது. அல்சாஸிலும் லொரேனின் மொசேல் பகுதியிலும் சேர்த்து ஏறத்தாழ 1,30,000 பேர் ஜெர்மன் சீருடைக்குள் தள்ளப்பட்டார்கள். ஓடிப்போனால் குடும்பத்தை முகாமுக்கு அனுப்புவார்கள். பெரும்பாலோர் கிழக்குப் போர்முனைக்குப் போனார்கள். சுமார் 40,000 பேர் திரும்பவில்லை. செஞ்சேனையிடம் பிடிபட்டவர்கள் தம்போவ் முகாமில், தாங்கள் ஜெர்மானியர் அல்ல என்பதை நிரூபிக்கப் போராடிக்கொண்டே பசியிலும் குளிரிலும் செத்தார்கள். 'மால்க்ரே-நூ' என்று, விருப்பமின்றிப் போனவர்கள் என்று, தங்களை அவர்கள் அழைத்துக்கொண்டார்கள்.

1944 ஜூன் 10 அன்று, மேற்கு பிரான்சின் ஒராதூர்-சுர்-கிளான் ஊரில், எஸ்.எஸ். படையின் 'தாஸ் ரைஷ்' பிரிவு ஆண்களைக் களஞ்சியங்களில் சுட்டது. பெண்களையும் குழந்தைகளையும் தேவாலயத்துக்குள் அடைத்துத் தீ வைத்தது. மொத்தம் 643 பேர். 1953இல் பொர்தோ ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்ட 21 பேரில் 14 பேர் அல்சாசியர்கள். ஒருவன் தானாகச் சேர்ந்தவன். மற்ற பதின்மூவர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்கள். இதில் அதிகம் பேசப்படாத ஒன்று உண்டு: கொல்லப்பட்டவர்களிலும் அல்சாஸ், லொரேன் அகதிகள் இருந்தார்கள். போரால் ஊரிழந்து, பாதுகாப்பான இடம் என்று நம்பி ஒராதூருக்கு வந்து சேர்ந்தவர்கள். கொன்றவன் பேசிய பேச்சு அவர்களில் சிலருக்கு வீட்டுப் பேச்சு.

தண்டனை அறிவித்ததும் அல்சாஸ் கொதித்தது. நினைவுச் சின்னங்களுக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். ஒரே வாரத்தில் நாடாளுமன்றம் பதின்மூவருக்கும் பொதுமன்னிப்பு வழங்கியது. இப்போது ஒராதூர் கொதித்தது. அரசு தந்த பதக்கங்களைத் திருப்பிக் கொடுத்தது. மன்னிப்புக்கு வாக்களித்த உறுப்பினர்களின் பெயர்களை இடிபாடுகளின் வாசலில் எழுதி வைத்தது. எரிந்த குழந்தைகளின் முன்னால் கட்டாயம் என்ற வாதம் நிற்காது என்றே நாம் கருதுகிறோம். கூடவே இதையும் சொல்ல வேண்டும்: அந்தப் பையன்களை ஹிட்லரிடம் விட்டுவிட்டு, போர்க்கால பிரான்சின் விஷி அரசு மக்களறிய ஒரு கண்டனம்கூடச் செய்யவில்லை. அதன் பெயர் அந்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் இல்லை.

அல்சாசியத்தின் உண்மையான கதை இதற்குப் பிறகுதான். 1871 முதல் 1945 வரை நான்கு முறை கொடி மாறியும் அந்த மொழி சாகவில்லை. தோல்வியும் வெற்றியும், தடையும் திணிப்பும் பள்ளிக்கூடச் சுவரோடு நின்றன. வீட்டுக்குள் நுழைந்தது வெட்கம். நாஜிகள் தங்கள் உரிமைக்கு ஆதாரமாக அல்சாசியத்தைக் காட்டினார்கள். விடுதலைக்குப் பின் அதைப் பேசியவர்கள் அந்தக் கறையைச் சுமந்தார்கள். தொடக்கப் பள்ளிகளிலிருந்து ஜெர்மன் நீக்கப்பட்டது. ஜெர்மனில் வெளிவந்த நாளிதழ்கள் இளைஞர் பக்கத்தையும் விளையாட்டுப் பக்கத்தையும் பிரெஞ்சில் தர வேண்டும் என்று 1945இல் ஆணை வந்தது. பிள்ளைகள் எதைத் தேடிப் படிப்பார்கள் என்று தெரிந்து போட்ட ஆணை அது. பிரெஞ்சு பேசுவதே நாகரிகம் என்று சுவரொட்டிகள் சொல்லின. 1951இல் வட்டார மொழிகளைப் பள்ளிக்குள் அனுமதித்த தெக்சோன் சட்டம் பிரெத்தோனியத்துக்கும் பாஸ்குக்கும் கதவைத் திறந்தது. அல்சாசியத்துக்குத் திறக்கவில்லை, அது அண்டை நாட்டு மொழியின் கிளையாம். தாய்மார்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்து, தங்களுக்கே சரளமாக வராத பிரெஞ்சில் தாலாட்டத் தொடங்கினார்கள். அந்தத் தாய்மார்களைக் குறை சொல்ல முடியாது. 2012இல் எடுத்த கணக்கெடுப்பில் 43 சதவீதம் பேர் அல்சாசியம் பேசுவதாகச் சொன்னார்கள். மூன்று முதல் பதினேழு வயதுக்காரர்களில் அது 3 சதவீதம்.

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அல்ல அல்சாசியர்கள். மதச்சார்பின்மைச் சட்டம் 1905இல் பிரான்சில் வந்தபோது அல்சாஸ் ஜெர்மனியில் இருந்தது. 1924இல் அதைப் புகுத்த எரியோ அரசு முயன்றபோது தெருவுக்கு வந்து தடுத்தார்கள். பாதிரியாருக்கும் ரபிக்கும் அங்கே இன்றும் அரசு சம்பளம். பிஸ்மார்க் காலத்துக் காப்பீட்டு முறை அங்கே இன்றும் நடப்பில் இருக்கிறது. பிரான்சின் ரயில்கள் இடது தடத்தில் ஓடும். அல்சாஸில் ஜெர்மன் முறைப்படி வலது தடத்தில் ஓடும். பழைய எல்லையில் ஒரு தண்டவாளம் மற்றொன்றின் மேலேறி மறுபக்கம் மாறுகிறது. ரயிலுக்கும் காப்பீட்டுக்கும் இரட்டை மரபை அனுமதிக்கும் குடியரசு, குழந்தையின் நாக்குக்கு மட்டும் அதை மறுக்கிறது. எழுத்தாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஜெர்மன் படைக்கு இழுக்கப்பட்டுத் தப்பி வந்த ஆந்த்ரே வெக்மன், பிரெஞ்சு, ஜெர்மன், அல்சாசியம் மூன்றிலும் வாழ்நாள் முழுவதும் எழுதினார். மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடு என்ற கட்டளைக்கு அவர் பணியவில்லை.

1949 முதல் ஐரோப்பிய மன்றம் ஸ்ட்ராஸ்பூர்கில் இயங்குகிறது. 2017 முதல் டிராம் ரைனைத் தாண்டி ஜெர்மனியின் கேல் வரை போய் வருகிறது.  இரண்டு பேரரசுகளின் பகை தீர்ந்தது பெரிய விஷயம், அதற்காக மனமார மகிழ்கிறோம். ஆனால் சிறுபான்மை மொழிகளுக்கான சாசனத்தை 1992இல் உருவாக்கியதும் அதே ஐரோப்பிய மன்றம்தான். பிரான்ஸ் 1999இல் கையெழுத்திட்டது, இன்றுவரை உறுதிசெய்யவில்லை. குடியரசின் மொழி பிரெஞ்சு என்று 1992இல் அரசியலமைப்பில் சேர்த்த வரியே தடையாக நிற்கிறது. 2021 மே மாதம், முழுக்க வட்டார மொழியில் பாடம் நடத்தும் முறையை அதே வரியைக் காட்டி அரசியலமைப்பு மன்றம் சட்டத்திலிருந்து நீக்கியது. அல்சாஸில் பெற்றோர் சேர்ந்து நடத்தும் இருமொழிப் பள்ளிகள் சில இருக்கின்றன. கதையின் சிறுவன் ஃபிரான்ஸின் வீட்டு மொழி வகுப்பறைக்குள் நுழைந்திருப்பது அந்தப் பெற்றோரின் பிடிவாதத்தால்தான். அரசு அந்தச் சாசனத்தை உறுதிசெய்ய வேண்டும், அந்தப் பள்ளிகளுக்குப் பணம் தர வேண்டும். பேசத் தெரிந்த கிழவர்களும் கிழவிகளும் இருக்கும்போதே செய்ய வேண்டும்.