ஏறாத நாள்

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் சகோதரியின் குமாரன் தியாகராய நகரிலிருந்து சைக்கிளில் மயிலாப்பூருக்கு வந்து சேர்ந்தான். கையில் ஒரு காகிதம். முகத்தில் திக்விஜயம் புறப்படும் ராஜகுமாரனின் களை.

"மாமா! ஒரு வாரம், ஏழு மலை! திங்கட்கிழமை ஏலகிரி, செவ்வாய் ஏற்காடு, புதன் கொல்லிமலை, வியாழன் குன்னூர், வெள்ளி கோத்தகிரி, சனி கல்ஹட்டி, ஞாயிறு தொட்டபெட்டா. இத்தனையும் ஒத்திகைதான். அடுத்த வருஷம் ஆல்ப்ஸ்! நீங்களும் வருகிறீர்கள்" என்றான்.

மயிலாப்பூர்வாசிக்கு மலையைப்பற்றி என்ன தெரியும்? அடையாற்றின்மேல் உள்ள திரு.வி.க. பாலமும், 1973-இல் திறந்த ஜெமினி மேம்பாலமுமே நமக்கு விந்தியமும் இமயமும். குன்று என்று கூசாமல் சொல்லக்கூடியது பரங்கிமலை ஒன்றுதான். அதன் உயரமும் சுமார் 300 அடியே.

ஆயினும் உபாத்தியாயர் அல்லவா? பூகோளப் புத்தகத்தைப் புரட்டினோம். ஆல்ப்ஸில் சைக்கிள்காரர்கள் பயபக்தியுடன் பெயர் சொல்லும் கணவாய் கலிபியே. பிரான்ஸ் தேசத்துப் பெரிய சைக்கிள் பந்தயம் 1911-ஆம் வருஷத்தில் முதன்முதலாக அந்த மலையில் ஏறியது. கணவாயின் உயரம் 2,642 மீட்டர். நம்முடைய தொட்டபெட்டாவோ 2,637 மீட்டர்!

"அப்பனே, ஐந்து மீட்டருக்காகவா கடல் கடக்க வேண்டும்?" என்று கேட்டோம்.

"அந்த ஐந்து மீட்டரில்தான் மாமா விஷயமே இருக்கிறது" என்றான்.

விஷயம் உயரத்தில் இல்லை, சரிவில் இருக்கிறது என்பதைக் கணக்குப் போட்டுக் காட்டினோம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குச் சாலை வழியாகச் சுமார் 34 கிலோமீட்டர். ஏற வேண்டிய உயரம் ஏறக்குறைய 1,500 மீட்டர். அதாவது நூறு அடி போனால் நாலரை அடி ஏற்றம். பொறுமையுள்ளவனுக்கு இது சாத்தியமே. கல்ஹட்டிப் பாதையின் சங்கதி வேறு. 36 கொண்டை ஊசி வளைவுகளுடன், சுமார் 12 கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்குமேல் ஏற வேண்டும். நூற்றுக்கு எட்டுக்குக் குறையாத சரிவு. நீலகிரி மலை ரயில் பாதையில் மிகக் கடுமையான சரிவும் ஏறக்குறைய அவ்வளவுதான். 1899-இல் குன்னூர்வரை அந்தப் பாதையைப் போட்டவர்கள், சக்கரம் வழுக்காதிருக்க, ஸ்விட்ஜர்லாந்து தேசத்து ஆப்ட் என்பவரின் முறைப்படி தண்டவாளத்தின் நடுவே பற்கள் வைத்தார்கள். ரயிலே பல்லைக் கடித்துக்கொண்டு ஏறும் சரிவில் நாம் எதைக் கடிப்பது?

2008-இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' யாத்திரையில் கல்ஹட்டியை ஏறியவர்கள் உண்டே என்றான். உண்டு. அவர்கள் நேற்றுக் காகிதத்தில் எழுதி இன்று புறப்பட்டவர்கள் அல்ல.

இங்கே ஓர் உண்மையை ஒப்புக்கொண்டுவிடுகிறோம். இரண்டு வருஷங்களுக்கு முன் நாமும் இப்படித்தான் ஒரு காகிதம் எழுதினோம். ஓய்வுக்கென்று ஒரு நாளும் அதில் இல்லை. மூன்றாம் நாள், கோத்தகிரிப் பாதையின் பாதியில் வலது முழங்கால் ராஜினாமாக் கொடுத்துவிட்டது. சைக்கிளை பஸ்ஸின் கூரைமேல் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். பிறகு நாலு மாதம், மாடியிலுள்ள ஒன்பதாம் வகுப்புக்குக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினோம். பிள்ளைகள் நம் நோட்டுப் புத்தகங்களை வாங்கிச் சுமந்தார்கள். ஒருவனாவது சிரிக்கவில்லை, அதுதான் அதிகம் வலித்தது.

அப்போது கற்ற பாடம் இது: தசை வலுப்பெறுவது ஏறும்போது அல்ல, ஏறிய பிறகு ஓய்ந்திருக்கும்போது. ஆகவே ஏறாத நாளை முதலில் குறித்துக்கொண்டு, ஏறும் நாளைப் பிறகு குறிக்க வேண்டும்.

இருவரும் உட்கார்ந்து புதிய காகிதம் எழுதினோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பிறகே பிரயாணம். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் பலர் மாண்டதை மறக்கலாகாது. முதல் நாள் ஜோலார்ப்பேட்டையில் இறங்கி ஏலகிரி. புலவர்கள், வள்ளல்கள் பெயர் தாங்கிய 14 வளைவுகள். தமிழ் வாத்தியார் மூச்சு வாங்கவும் பெயர் படிக்கவும் தோதானவை. இரண்டாம் நாள் ரயில். மூன்றாம் நாள் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி. நாலாம் நாள் ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் உதகைச் சாலையில் சென்று, வழியிலேயே கிளை பிரியும் தொட்டபெட்டா. அங்கே காற்றின் அழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய முக்கால் பங்குதான். பேச்சைக் குறைப்பது நலம். ஆறாம் நாள் உதகையில் ஓய்வு. ஏழாம் நாள் குன்னூர் வழியாக இறக்கம்: பிரேக்கை விடாமல் அழுத்திச் சூடேற்றாமல், விட்டு விட்டுப் பிடித்து, ஏறிவரும் வண்டிக்கு வழிவிட்டு இறங்க வேண்டும். எழுபது வளைவுள்ள கொல்லிமலையும் கல்ஹட்டியும் பிறிதொரு வருஷத்துக்கு.

"ஏழு மலை மூன்றாகிவிட்டதே!" என்று பையன் பெருமூச்சு விட்டான். "நாலாம் நாளுக்கு நேரே என்ன எழுதுவது?"

"சும்மா இருப்பது என்று எழுது" என்றோம்.

உள்ளேயிருந்து நம் இல்லத்தரசி, "அதற்குத்தான் உங்களுக்கு அதிகப் பயிற்சி வேண்டும்" என்றாள்.

மறுநாள் விடியற்காலையில் பரங்கிமலையில் ஒத்திகை. இரண்டாவது சுற்றில் முழங்கால் பழைய குரலில் ஏதோ சொன்னது. இறங்கி உருட்டத் தொடங்கினோம். மேலே போய்விட்ட பையன் திரும்பிப் பார்த்தான், கீழே வந்தான், ஒன்றும் பேசாமல் தானும் இறங்கி, நம் பக்கத்தில் உருட்டிக்கொண்டு நடந்தான்.

ஆல்ப்ஸுக்கு அவன் தயாராகி வருகிறான் என்று தோன்றியது.