அரண்மனைக்காரன் தெரு

ராயபுரத்தில் பஸ் ஏறி பாரிமுனையில் இறங்கினால் பக்கத்திலேயே அரண்மனைக்காரன் தெரு. அரண்மனையைத் தேடாதீர்கள். ஆர்மீனியன் தெருவைத்தான் நம்ம ஜனங்கள் அப்படி மாற்றிவிட்டார்கள்.

செம தமாஷ் என்னவென்றால், அரண்மனை வாரிசே வேண்டாம் என்றவர்தான் இங்கே இருந்த ஆர்மீனிய வியாபாரி ஷாஹாமிர் ஷாஹாமிரியன். ஈரானில் பிறந்தவர். சொந்தமாக ஆள ஒரு நாடு இல்லாத இனம். ஜார்ஜிய மன்னர் இரண்டாம் எரெக்ளே பிரபு பட்டம்கூடக் கொடுத்தார். ஆனால் மெட்ராஸில் அவருடைய அச்சகம் 1773 என்று தேதி போட்டு வெளியிட்ட சட்ட நூல், வருங்கால ஆர்மீனியாவை மக்கள் தேர்ந்தெடுக்கும் சபைதான் ஆள வேண்டும் என்றது. மொத்தம் 521 பிரிவுகள். ஆணும் பெண்ணும் சமம். பாரீஸில் பாஸ்டில் சிறை விழுந்ததே 1789ல்தான்!

நாமோ 1639ல் கம்பெனிக்காரன் இடம் வாங்கிய ஆகஸ்ட் 22ஐ ‘மெட்ராஸ் டே’ என்று கொண்டாடுகிறோம். அப்பாவுக்கு அப்புறம் மகன்தான் தலைவர் என்றால் விசிலடிக்கிறோம். அடுத்த மெட்ராஸ் டேக்கு அந்த 521ஐயும் மேடையில் படியுங்கள், சார். எல்லாக் கட்சி வாரிசுகளும் முன்வரிசையில் உட்காரட்டும்.