மைப்படிகள் யாருடைய சொத்து?

வாலாஜாபாத்துக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், பராந்தக சோழன் காலத்து ஊர்ச்சபை தன் குடவோலை விதிகளைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்தது. ஊர்ப்பொதுச் செய்தியை ஊர் படிக்க வேண்டும் என்பது 10ஆம் நூற்றாண்டின் அறிவு. நம் நூற்றாண்டுக்கு அது ஏன் எட்டவில்லை?

1886இல் ஹூல்ஷ் சென்னையில் கல்வெட்டாய்வாளராகப் பொறுப்பேற்ற காலம்தொட்டு, மக்கள் வரிப்பணத்தில் பல்லாயிரம் மைப்படிகள் எடுக்கப்பட்டன. அவற்றுள் பலவற்றின் முழுவாசகம் இன்றும் அச்சேறவில்லை. ஆண்டறிக்கையில் ஆங்கிலத்தில் சில வரிச் சுருக்கம் மட்டுமே உண்டு. இதைக் கொண்டு தமிழ் மாணவன் எந்தச் சொல்லை ஆராய்வான்?

தமிழ்ப் படிகளை மைசூரிலிருந்து சென்னைக்கு மாற்றுமாறு 2021 ஆகஸ்டில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆணையிட்டது. மகிழ்ச்சியே. ஆனால் ஓர் அலமாரியிலிருந்து இன்னோர் அலமாரிக்குப் போவது மட்டும் விடுதலை ஆகாது.

பிழையின்றிப் படித்த பின்னரே வெளியிட வேண்டும் என்பார் சிலர். பாடம் பிழையாகலாம், படிமம் பிழையாகாது. படிமத்தை வெளியிடுங்கள், பாடத்தைப் பலரும் திருத்தட்டும். உ.வே.சா. பதிப்புகளும் மறுபதிப்பில்தானே செப்பமுற்றன?

காத்திருக்கக் காலமில்லை. திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சால் எழுத்துகள் தேய்ந்த கோயில்கள் உண்டு. கல் அழிந்த இடத்தில் மைப்படியே ஒரே சாட்சி, அதுவும் தாள்தான். ஒவ்வொரு படியையும் ஊர்ப்பெயர், எண், ஆண்டுடன் ஒளிவருடி, கட்டணமின்றி இணையத்தில் வைக்க வேண்டும். இது சலுகையன்று, நாம் முன்பே விலைகொடுத்த பொருள்.