எல்லையைக் கீறிக் காட்டுக!

பலாலி விமான நிலையத்தின் அருகே ட்ரோன் பறப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டுமா? ஐயமின்றி வேண்டும். 2018 டிசெம்பரில் இலண்டன் கட்விக் நிலையத்தருகே ட்ரோன் கண்டதாக எழுந்த செய்தியே சுமார் 1,000 விமானப் பயணங்களைக் குலைத்தது. சென்னையிலிருந்து பலாலியில் வந்திறங்குவோரில் எம்மவரும் உளர். ஆதலால் நாம் கட்டுப்பாட்டை எதிர்த்து வாதாடவில்லை; அதன் எல்லையைக் கேட்கிறோம்.

வசாவிளானிலும் கட்டுவனிலும் செம்மண்ணைக் கொத்தும் கமக்காரன் கேட்கிறான்: தடை எந்த வேலியில் தொடங்குகிறது? எந்த வேலியில் முடிகிறது? பயிருக்கு மருந்து தெளிக்கவும் காணியை அளக்கவும் ட்ரோன் வந்துவிட்ட காலம் இது. அனுமதி வழங்குபவர் யார்? எத்தனை நாளில் வழங்குவார்? மறுப்பின் காரணத்தை எழுத்தில் தருவாரா?

1990 இல் போரினால் பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள், 'பாதுகாப்பு' என்ற ஒரே சொல்லின் பின்னே தம் காணிகள் பல்லாண்டுகள் மறைந்து கிடந்ததைக் கண்டவர்கள். எல்லை தெரியாத தடை எத்துணைக் கொடிது என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை.

சட்டங்களும் அவற்றின் கீழ் ஆக்கப்படும் விதிகளும் சிங்களத்திலும் தமிழிலும் ஆக்கப்பட்டு வெளியிடப்படல் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 23 ஆம் உறுப்புரை. அது எவரும் எமக்கு இரங்கி ஈயும் சலுகையன்று. நாட்டின் தலையாய சட்டத்தின் கட்டளை!

சிவில் விமான சேவைகள் அதிகார சபைக்குக் கூறுகிறோம்: விதியைத் தெளிந்த தமிழில் எழுதுக! தடைவட்டத்தைக் காணி வரைபடத்திற் கீறுக! கிராம அலுவலர் பணிமனைதோறும் ஒட்டுக! அனுமதியை யாழ்ப்பாணத்திலேயே, தவணை குறித்து வழங்குக! அதன் பின்னரும் எல்லை மீறுபவன் எம்மவனேயாயினும், அவனுக்காக நாம் வாதாடோம்.