எத்தனை சுற்று?



இந்த மாதம் நாம் பேசப்போவது கார்ச் சில்லைப் பற்றி. “அது ஆண்கள் சமாசாரம், நமக்கென்ன?” என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அந்தக் காரில் ஏறி உட்காருகிறவர்கள் நாமும் நம் பிள்ளைகளும்தானே!

எங்கள் ஊர் முல்லைத்தீவு மாவட்டத்துத் தண்ணீரூற்று. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது நாங்களும் புத்தளத்துக்குப் போனோம். என்னோடு படித்த தோழி ஒருத்தி முள்ளிவாய்க்காலில் இருக்கிறாள். காணி விஷயமாக ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளைப் பார்க்காமல் வருவதில்லை. அண்மையில் ஒரு நாள் அஸர் தொழுதுவிட்டுப் போனேன்.

முற்றத்துப் பனையடியில் சிவப்பாக ஒரு கார். இரண்டே கதவு, தரையோடு தவழும் உடம்பு. கொழும்பில் வேலை பார்க்கும் அவளுடைய மகன் வாங்கி வந்த பழைய ஹொண்டா சிஆர்-இஸட். 2010 முதல் 2016 வரை யப்பானில் செய்த, பெற்றோலும் மின்சாரமும் சேர்ந்து ஓட்டும் விளையாட்டுக் கார். 2020 மார்ச்சில் நம் நாட்டில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி திறந்தது. அந்த இடைக்காலத்தில் பழைய கார்களும் பொன்னாகிவிட்டன. பிள்ளை சேர்த்த பணமெல்லாம் அதில்தான் போயிருக்கிறது.

மகன் காருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். கையில் வட்டமான நான்கு அலுமினியத் தட்டுகள். ஒவ்வொன்றும் 5 மில்லிமீற்றர் தடிப்பு.

“என்ன தம்பி இது?”

“ஸ்பேசர் அன்ரி. சில்லுக்கும் ஹப்புக்கும் நடுவிலை வைச்சுப் பூட்டினால் சில்லு வெளியிலை தள்ளி நிக்கும். பார்வைக்கு எடுப்பாயிருக்கும்.”

பந்தயக் கார்களில் இதற்குக் காரணம் உண்டு. சில்லுகள் அகன்று நின்றால் வளைவில் வண்டி குறைவாகச் சாயும். வீதியில் ஓடும் காருக்குப் பெரும்பாலும் இது அழகுக்குத்தான். மட்காட்டின் உள்ளே ஒடுங்கி நிற்கும் சில்லை வெளியே கொண்டுவர ஆசைப்படுகிறார்கள்.

இளம் பிள்ளையின் ஆசை, தப்பென்று சொல்ல எனக்கும் மனமில்லை. ஆனால் தோழி தேநீர் ஊற்றியபடியே சொன்ன ஒரு வார்த்தை என்னை நிமிர்த்திவிட்டது. “திங்கட்கிழமை எனக்கு மாஞ்சோலை ஆஸ்பத்திரியிலை கிளினிக். இந்தக் காரிலைதான் கூட்டிக்கொண்டு போறானாம்.”

ஏ35 வீதியால் வட்டுவாகலைக் கடந்து முல்லைத்தீவுக்குப் போக வேண்டும். நீரிழிவுக்கும் பிரஷருக்கும் மாதா மாதம் மருந்தெடுக்கும் தாய். அவளுடைய உயிர் அந்த நான்கு தட்டுகளின் மீது ஓடப்போகிறது!

முதல் கோளாறு ஜக்கில் வந்தது. முள்ளிவாய்க்கால் கடற்கரை மணல். காரை உயர்த்த உயர்த்த ஜக்கின் கால் மணலுக்குள் இறங்கியது. நல்ல வேளை, அந்நேரம் படலையைத் திறந்துகொண்டு பிள்ளையின் பெரியப்பா வந்தார். “பலகை ஒண்டு வையடா முதல். மற்றப் பக்கத்துச் சில்லுக்கு முன்னும் பின்னும் கல்லுப் போடு. காருக்குக் கீழை கையைக் காலை விடாதை” என்று அதட்டினார்.

இந்தப் பெரியப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வராத காலம். அப்போது பழைய மொரிஸ் மைனர் ஒன்றை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சில துளி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு எஞ்சினை முடுக்கி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புகையும் நாற்றமுமாக ஓடும். பிரசவ வலிக்காரரும் அதில்தான் போனார்கள். 2009 மே மாதம் இந்தக் கரையில் மக்கள் கைவிட்டுப்போன எண்ணற்ற வாகனங்களுக்குள் அவருடைய காரும் ஒன்று. அதைப் பற்றி அவர் அதிகம் பேசுவதில்லை.

சில்லு கழன்றது. ஹப்பின் முகமெல்லாம் துரு. கடற்காற்றின் உப்பு விடுமா? பிள்ளை தட்டை அப்படியே மாட்டப் போனான். பெரியப்பா தடுத்தார். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டித் துடைக்கச் சொன்னார். ஒரு பொருக்கு நடுவில் நின்றாலும் தட்டு சரியாகப் படியாது. ஓடும்போது அந்தப் பொருக்கு நசுங்கினால் நட்டு தானாகத் தளர்ந்துவிடும். அதுதான் அவர் சொன்ன காரணம்.

பிறகு தட்டின் துளைகளை ஒத்துப் பார்த்தார்கள். இந்தக் காருக்கு ஐந்து ஸ்டட். அவை 114.3 மில்லிமீற்றர் விட்டமுள்ள வட்டத்தில் நிற்கின்றன. நடுத்துளை 64.1 மில்லிமீற்றர். நடுத்துளை பெரிதான தட்டை மாட்டினால் சில்லு மையத்தில் உட்காராமல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கும். பிள்ளை வாங்கியது சரியான அளவுதான். அதில் அவன் கெட்டிக்காரன்.

தட்டை மாட்டிச் சில்லையும் ஏற்றியாயிற்று. ஸ்பானரை எடுக்கப்போன பிள்ளையிடம் பெரியப்பா கேட்டார்:

“கையாலை திருப்பு. எத்தினை சுத்துப் போகுது எண்டு எண்ணு.”

“ஏன் பெரியப்பா?”

“எண்ணடா!”

ஒன்று, இரண்டு, மூன்று... ஆறாவது சுற்றில் நட்டு முட்டி நின்றது. “இப்ப தட்டைக் கழற்றிப்போட்டு எண்ணு” என்றார். தட்டில்லாமல் ஒன்பதரைச் சுற்று!

சகோதரிகளே, இதுதான் விஷயம். கணக்கு மிக எளிது. இந்தக் காரின் ஸ்டட் 12 மில்லிமீற்றர் பருமன். நட்டு ஒரு சுற்றுச் சுற்றினால் 1.5 மில்லிமீற்றர் உள்ளே போகும். ஸ்டட்டின் பருமன் எவ்வளவோ அவ்வளவு தூரமாவது நட்டு புரிக்குள் போயிருக்க வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பொது விதி. 12ஐ 1.5ஆல் வகுத்தால் 8 சுற்று. 5 மில்லிமீற்றர்த் தட்டு மூன்று சுற்றுக்கும் சற்று அதிகமாகத் தின்றுவிடுகிறது. மீதி ஆறுதான். சில்லு பார்வைக்கு இறுகித்தான் இருக்கும். ஆனால் பாரம் முழுவதையும் தாங்குவது அந்தக் குறைந்த புரிகள். குழியில் விழுந்து, பிரேக் பிடித்து, வளைந்து ஓட ஓட ஒரு நாள் புரி உரியலாம், ஸ்டட் முறியலாம்.

பிள்ளை முகம் சுருங்கிவிட்டது. “எல்லாரும் போடுகினம்தானே? மண்ணெண்ணெயிலை கார் ஓட்டினவர் நீங்கள், இதுக்குப் போய்ப் பயப்பிடுறீங்களே!”

பெரியப்பா கோபிக்கவில்லை. “அது எஞ்சின் தம்பி. எண்ணெய் பிழைச்சால் கார் நிக்கும். இறங்கித் தள்ளலாம். சில்லு கழன்றால் கார் நிக்காது. நாங்கள் இல்லாத காலத்திலை எதையெதையோ மாத்தினம். சில்லு, பிரேக், ஸ்டியரிங் மூண்டிலையும் கை வைக்கேல்லை.”

அந்தப் பதிலுக்குப் பிறகு முற்றத்தில் யாரும் பேசவில்லை.

அப்படியானால் ஸ்பேசரே கூடாதா? அப்படியல்ல. புகழ்பெற்ற போர்ஷ் நிறுவனமே தன் 911 கார்களுக்கு 5 மில்லிமீற்றர்த் தட்டு விற்றிருக்கிறது. ஆனால் அதோடு நீளமான போல்ட்டுகளையும் சேர்த்தே கொடுத்தது. ஜேர்மனியில் ஸ்பேசர் பூட்டினால் பெரும்பாலும் பரிசோதனை நிலையத்தின் ஒப்புதல் வேண்டும். அதாவது தட்டு மட்டும் தனியே வரக்கூடாது. மெல்லிய தட்டென்றால் நீளமான ஸ்டட் வேண்டும். சுமார் 20 மில்லிமீற்றர் தடித்த தட்டென்றால் அதிலேயே தனி ஸ்டட் வரும். அப்போது சில்லு இன்னும் வெளியே தள்ளும். டயர் மட்காட்டில் உரசலாம். பெயாரிங்குக்கும் சுமை கூடும். ஹப்புக்குள் ஸ்டட் மாற்றுவது முற்றத்து வேலையல்ல, நல்ல கராஜ் வேலை.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. வாகனத்தின் அமைப்பை மாற்ற மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் அனுமதி தேவை. 2025 ஜனவரியில் அனுமதியில்லாத மேலதிகப் பாகங்களைக் கழற்ற நாடெங்கும் பொலிஸார் இறங்கியதை நாம் பார்த்தோம். விபத்தென்று வந்துவிட்டால் காப்புறுதிக்காரரும் கேள்வி கேட்பார்கள்.

பிள்ளை வெகுநேரம் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். காசு கொடுத்து வாங்கியதல்லவா? பிறகு ஒன்றும் சொல்லாமல் பழையபடி சில்லை மாட்டினான். நட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக வட்டமாக இறுக்காமல், ஒன்று விட்டு ஒன்றாக நட்சத்திரம் போடும் ஒழுங்கில் இறுக்கினான். முதலில் சில்லு தூக்கி நிற்கையில் இலேசாக, தரையில் இறக்கியபின் முழுதாக. ஸ்பானரில் குழாய் செருகி ஏறி மிதிப்பவர்கள் உண்டு. அது ஸ்டட்டை இழுத்துப் பழுதாக்கும். இந்தக் காருக்கு 108 நியூட்டன் மீற்றர் இறுக்கம் போதும். அரை மீற்றர் நீள ஸ்பானரின் நுனியில் 22 கிலோ பாரம் தொங்கினால் வரும் இறுக்கம் அது. டோர்க் ரென்ச் என்ற கருவி வைத்திருந்தால் அளவு பிசகாது. நூறு கிலோமீற்றருக்குள் மறுபடி ஒரு முறை இறுக்கிப் பார்க்க வேண்டும். ஸ்பேசர் இல்லாவிட்டாலும், சில்லு கழற்றி மாட்டிய எந்த வாகனத்துக்கும் இது பொருந்தும். பங்சர் ஒட்டிய பிறகும்தான்!

சகோதரிகளே! உங்கள் வீட்டுப் பிள்ளையும் இப்படியொரு தட்டோடு வரலாம். ஓட்டோவுக்கோ வேனுக்கோ காருக்கோ அகலச் சில்லு போட ஆசைப்படலாம். “கூடாது” என்று கத்தினால் நாம் இல்லாத நேரம் பார்த்துப் பூட்டுவான். ஆகவே கத்தாதீர்கள், கேளுங்கள். மூன்று கேள்விகள் போதும்.

நட்டு எத்தனை சுற்றுப் போகிறது? நடுத்துளை சரியாகப் பொருந்துகிறதா? நூறு கிலோமீற்றருக்குள் மறுபடி இறுக்கிப் பார்த்தாயா?

பதில் தெரிந்த பிள்ளை சொல்வான். தெரியாத பிள்ளை எண்ணிப் பார்ப்பான். எண்ணிப் பார்த்தால் அவனுக்கே விளங்கிவிடும். கேட்பதற்கு நமக்கு வாகனம் ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அரிசி அளக்கத் தெரிந்த நமக்கு எட்டு வரை எண்ணத் தெரியாதா?

திங்கட்கிழமை மாலை தோழி தொலைபேசியில் அழைத்தாள். கிளினிக் போய், மருந்தெடுத்து, சுகமாகத் திரும்பிவிட்டாளாம். கார் பழைய சில்லோடுதான் ஓடியதாம். அல்ஹம்துலில்லாஹ்.

“அந்தத் தட்டு என்னவாயிற்று?” என்று கேட்டேன்.

“அது இப்ப என்ரை குசினியிலை. சூடான சட்டி இறக்கி வைக்க நல்லாயிருக்கு” என்று சிரித்தாள்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம்.